கோடரிக்குக் காம்பு போட்ட பின்



ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, சான்றிதழ் உறையுடன் காத்து நிற்கும் தந்தையர் சிலரை நான் அடிக்கடி காண்கிறேன். "ஹஜ்ரத், பையனுக்கு எங்கேயாவது சொல்லிவிடுங்கள்" என்பார்கள். பையன் பின்னால் நிற்பான். "என்ன படித்தாய், தம்பி?" என்று அவனைக் கேட்டால் பதில் அத்தாவிடமிருந்து வரும். "எந்த வேலைக்கு விருப்பம்?" என்றால் அதற்கும் அத்தாவே விடை பகர்வார். பையனுக்கு வயது 23! தன் தொழுகைக்குத் தானே இறைவனிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டு எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. தன் பிழைப்பைப் பற்றி மட்டும் அவன் வாய் திறக்கலாகாது!

பெற்றோரின் பாசத்தை நான் பழிக்கவில்லை. அது எங்கே கொண்டு விடுகிறது என்பதே என் கவலை. வளைகுடாப் பயணம் என்றால் முகவரைப் பார்ப்பவர் அத்தா, நகையை அடகு வைப்பவர் அம்மா, சம்பளம் பேசுபவர் மாமா. ஒப்பந்தத்தைப் படிக்காதவன், போகிறவன் ஒருவனே. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர் 13 பேர் 2022 அக்டோபரில் மீண்டு வந்தது நினைவிருக்கும். அவர்களை அனுப்பியது பெற்றோர்தாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தானே விசாரித்துப் பழகாதவனை ஏமாற்றுவது எளிதல்லவா? முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா, 30,000 ரூபாயும் வரியும் என்ற வரம்பை மீறிக் கட்டணம் கேட்கிறாரா, வேலை விசா என்று சொல்லிச் சுற்றுலா விசாவைக் கொடுக்கிறாரா? இவற்றைப் போகிறவன் தன் வாயால் கேட்க வேண்டும்.

மகனைப் பலியிடுவதாகக் கனவு கண்ட இப்ராஹீம் நபி (அலை) அவர்கள்கூட, உன் கருத்து என்ன என்று அந்த மகனைக் கேட்டதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. இறைக்கட்டளைக்கே மகனின் கருத்துக் கேட்கப்பட்டது. துபாய் வேலைக்குக் கேட்கலாகாதா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அன்சாரி ஒருவர் உதவி கேட்டு வந்த வரலாறு அபூதாவூதில் உள்ளது. வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் ஒரு கிண்ணத்தையும் கொண்டுவரச் செய்து, 2 திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள் பெருமானார். ஒன்றுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். இதுவரை நம் பெற்றோரும் செய்கிறார்கள், குறைவின்றிச் செய்கிறார்கள். அதன் பிறகு பெருமானார் சொன்னதுதான் நமக்குக் கசக்கிறது: போய் விறகு வெட்டி விற்பீராக, 15 நாட்களுக்கு உம்மை நான் காணலாகாது! கூடவே ஆள் அனுப்பவில்லை; சந்தையில் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அவர் 10 திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

இதைக் கேட்ட ஒரு தந்தை, "15 நாளும் நான் சும்மா இருப்பதா, ஹஜ்ரத்?" என்றார். "துஆச் செய்யுங்கள், அதுவும் வேலைதான்" என்றேன். அடுத்த வெள்ளியன்று அவர் உறையின்றி வந்தார். மகன் தனியாகத் திருச்சிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறானாம். தொழுகை முடியும் வரை அவர் கை சட்டைப் பையில் இருந்த தொலைபேசியை விட்டு அகலவே இல்லை.