தோளுக்கு மேல் ஒரு பார்வை



போன குளிர்காலத்தில் டொராண்டோவில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அங்கே சனிக்கிழமை விடிவதே ஐஸ் ஹாக்கியில்தான். காலை ஐந்தரைக்கு அத்தான் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அக்கா ஃபிளாஸ்கில் டீ ஊற்றுவாள். பதின்மூன்று வயது மருமகன் தன் உயரத்துக்கு ஒரு பையை இழுத்துக்கொண்டு வருவான். அந்தப் பையைத் திறந்தால் வரும் வியர்வை வாடை இருக்கிறதே! அதை வீட்டுக்குள் கொண்டுவர அக்கா விடுவதில்லை. கராஜில்தான் அதற்கு இடம்.

அவன் டிஃபென்ஸ்மேன், தடுப்பாட்டக்காரன். கோல் போடுவது அவனுடைய முதல் வேலை இல்லை. எதிரணி கோல் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக் என்று சொல்லும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைப் பறித்து, தன் ஆளிடம் பத்திரமாகச் சேர்க்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கோல்டா?" "இல்லம்மா" என்பான். அவள் முகம் கொஞ்சம் வாடும். முதல் வாரம் நானும் அதையேதான் கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரிந்தால்தானே?

அன்று ராத்திரி அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். "மாமா, இவன் மூஞ்சியைப் பாருங்க."

2019 ஜூன், கனடாவின் வான்கூவர் நகரம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் கிளப்புகள் உலகம் முழுவதிலுமிருந்து பதினெட்டு வயதுப் பையன்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாள். ஏழு சுற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரும். ஆறாவது வாய்ப்பு அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு. அதன் மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன் படித்த பெயர், ஜெர்மனியின் மோரிட்ஸ் சைடர். கேமரா அந்தப் பையன் பக்கம் திரும்புகிறது. வாய் திறந்தபடி, கண் விரிந்து, "என்னையா?" என்று கேட்பதுபோல உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவு சீக்கிரம் தன் பெயர் வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அந்த சீசனில் அவன் ஜெர்மன் லீகில் போட்ட கோல் இரண்டே இரண்டு. அப்புறம் எதை நம்பி எடுத்தார்கள்?

கோல் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். பதினேழு, பதினெட்டு வயதில் அவன் மான்ஹைம் நகரின் ஆட்லர் அணிக்காக வளர்ந்த ஆண்களோடு மோதிக்கொண்டிருந்தான். தன் வயதுப் பையன்கள் மத்தியில் பெரிய ஆளாகத் தெரிவது ஒன்று. முப்பது வயதுக்காரர் வேகமாக வந்து இடிக்கும்போது நிதானம் தவறாமல் பாஸ் கொடுப்பது வேறு. அந்த வருஷம் அணி சாம்பியன். லீகின் சிறந்த புதுமுகம் இவன்தான்.

ஐரோப்பியப் பையன்களை எடை போடும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம், பெரும்பாலும் 30 மீட்டர் அகலம், என்.எச்.எல்.லில் 26 மீட்டர்தான். நான்கு மீட்டர் குறைந்தால் யோசிக்கும் நேரமும் குறையும். அகன்ற ஐஸில் அழகாக ஆடிய பையன் இங்கே வந்து திணறலாம். அதனால் அவன் கால் வேகத்தோடு, எவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறான் என்பதையும் பார்க்கிறார்கள்.

அதை எப்படிப் பார்ப்பது? மருமகன் ஒரு ஆட்டத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். பக் மூலைக்கு ஓடுகிறது. டிஃபென்ஸ்மேன் அதை எடுக்கப் போகிறான். பின்னாலேயே எதிராளி துரத்தி வருகிறான். பக்கைத் தொடும் முன் அவன் தலை ஒரு நொடி தோளுக்கு மேல் திரும்புகிறது. யார் வருகிறார்கள், தன் ஆள் எங்கே நிற்கிறான்? பார்த்தாகிவிட்டது. பக் கைக்கு வரும்போது முடிவும் தயார். திரும்பிப் பார்க்காதவன் சுவரோடு நசுங்குகிறான். ஸ்கோர் போர்டில் இது எங்கே தெரியும்?

ஐசர்மனுக்கு இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1991 முதல் 2006 வரை அவர் ஆடியது நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமோடு அல்லவா? ஸ்வீடன்காரரான லிட்ஸ்ட்ரோமை 1989-ல் டெட்ராய்ட் எடுத்தபோது அவருக்கு முன்னால் 52 பெயர்கள் போயிருந்தன. எடுத்த கையோடு அமெரிக்காவுக்கு இழுத்து வரவும் இல்லை. இரண்டு வருஷம் ஊரிலேயே, வெஸ்டெரோஸ் கிளப்பிலேயே ஆட விட்டார்கள். பிறகு வந்தவர் இருபது சீசன் அதே அணியில் ஆடினார். என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை நான்கு. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது ஏழு முறை, கடைசி விருது நாற்பத்தொரு வயதில். யாரையும் இடித்துத் தள்ளிப் பெயர் வாங்கியவர் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், அவ்வளவுதான்.

சைடரையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு சீசன் அமெரிக்காவில் இரண்டாம் நிலை லீக். அடுத்தது ஸ்வீடனின் ரோக்லே கிளப். அங்கே லீகின் சிறந்த டிஃபென்ஸ்மேன். 2021-22-ல் என்.எச்.எல்.லுக்கு வந்து, 82 ஆட்டமும் ஆடி, 7 கோல், 43 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்). சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும் கிடைத்தது. தடியால் அடித்துக் கனிய வைக்காத பழம்.

எல்லாம் இப்படியே நடக்குமா? இல்லை. 2016-ல் ஃபின்லாந்தின் ஓல்லி யுவோலெவியை வான்கூவர் ஐந்தாவதாக எடுத்தது. உலக ஜூனியர் பட்டம் வென்ற ஃபின்லாந்து அணியில் இருந்தவர். முதுகில் ஆபரேஷன், அப்புறம் முழங்காலில். என்.எச்.எல்.லில் அவரால் ஆட முடிந்தது நாற்பது சொச்சம் ஆட்டங்கள்தான். எடுத்தவர்களின் கண் பிசகு என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினெட்டு வயது உடம்பு நாளைக்கு என்ன செய்யும் என்று ஆள் தேடும் எந்த ஸ்கவுட்டால் சொல்ல முடியும்?

இந்தப் பையன்களின் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். இருட்டு விலகும் முன் எழுந்து, கை விறைக்க ஸ்கேட் நாடாவை இறுக்கிக் கட்டிவிட்ட அப்பா. வருஷா வருஷம் கால் வளர வளரப் புது ஸ்கேட்டுக்குக் காசு எடுத்து வைத்த அம்மா. பிள்ளை டிராஃப்டில் ஐந்தாவதாக வந்தாலும் ஐம்பத்து மூன்றாவதாக வந்தாலும் அவர்கள் பட்ட பாடு ஒன்றுதானே? வெளியூருக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி போனில் குரலை வைத்தே சாப்பிட்டானா இல்லையா என்று கண்டுபிடிக்கும் அந்தக் கவலைக்கு எந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது?

ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, ரிங்கில் அக்காவிடம் அந்தத் தோள் விஷயத்தைச் சொன்னேன். "கோலை விடு. அவன் மூலைக்குப் போகும்போது தலையை மட்டும் பாரு."

அன்று அவன் அணி தோற்றது. காரில் ஏறியதும் அக்கா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழு தடவை திரும்பிப் பார்த்தேடா. எண்ணினேன்."

"எட்டும்மா. நீ டீ ஊத்திட்டிருந்தப்ப ஒண்ணு."

அன்புடன்,
ஆசிரியர்