நுண்ணலை அடுப்பு: எதற்குப் பயப்பட வேண்டும்?



வீட்டு வேலைக்காக வெளிநாடு செல்லவிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அங்கே மைக்குரோவேவ் அடுப்பில்தான் சாப்பாடு சூடாக்க வேண்டுமாம். அதில் கதிர் இருக்குதாம், சாப்பாடு நஞ்சாகுமாம். உண்மையா அக்கா?" பலருக்கும் உள்ள பயம் இது. அதனால் இம்மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

நுண்ணலை, வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. அதை உண்டாக்கும் 'மக்னெற்றோன்' என்ற குழாயை வலுவுள்ளதாகச் செய்யும் வழியை 1940 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அது யுத்தத்துக்காக, எதிரி விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் தேடும் ராடரில் பயன்பட்டது. 1945 இல் அமெரிக்காவில் பேர்சி ஸ்பென்சர் என்பவர் அதே குழாயால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார். யுத்தத்துக்குச் செய்த கருவி குசினிக்கு வந்த கதை இதுதான்.

இந்த அலை உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை வேகமாக அசைக்கிறது. அந்த அசைவே சூடாகிறது. அடுப்பை நிறுத்தியதும், விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல, அலையும் போய்விடும். உணவில் எதுவும் தங்காது. தொழிற்சாலைகளில் உறைந்த இறைச்சிக் கட்டிகளை இளக்கவும், இறப்பரைப் பதப்படுத்தவும் இதே அலை உதவுகிறது. ஈரலில் வரும் சில கட்டிகளை வைத்தியர்கள் இதனால் சுட்டு அழிக்கிறார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு:

* குழந்தையின் பாற்போத்தலை இதில் சூடாக்க வேண்டாம். போத்தல் வெளியே இளஞ்சூடாக இருக்க, உள்ளே பால் கொதித்து வாயைச் சுடலாம். சுடுநீரில் போத்தலை வைத்துச் சூடாக்குவதே நல்லது.
* முட்டையைக் கோதுடன் வைத்தால் வெடிக்கும். இறுக மூடிய பாத்திரமும் அப்படியே.
* அலுமினியத் தாள், உலோகக் கரை போட்ட பீங்கான் என்பவை பொறி பறக்கச் செய்யும்.
* வெறும் தண்ணீர் கொதிக்காததுபோல் இருந்து, தொட்டதும் பொங்கிக் கையைச் சுடலாம். சற்று நேரம் விட்டே எடுங்கள்.
* பழைய சாப்பாட்டை இடையில் கிளறி, நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.
* கதவு சரியாக மூடாத அடுப்பைப் பாவிக்க வேண்டாம். அடுப்பின் பின்மூடியை ஒருபோதும் கழற்ற வேண்டாம். மின் இணைப்பைக் கழற்றிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

புதிய கருவி எதுவானாலும், ஒருமுறை இயக்கிக் காட்டும்படி முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டால் வேதனைப்படுவது நாங்கள்தான்.