பசு கல்லாகுமா? கீழடி எலும்புகளும் மதுரைக்கு வேண்டிய ஒரு அலமாரியும்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற யாருக்கும் பசுமலை தெரியாமல் இருக்காது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதையும் ஊரில் பலருக்குத் தெரியும். மதுரையை அழிக்க ஏவப்பட்ட மாயப்பசுவை நந்தி எதிர்த்து நிற்க, அந்தப் பசு விழுந்து மலையாகிப் போனது என்கிறது திருவிளையாடல் புராணம்.

புராணம் புராணமாக இருக்கட்டும். 'மாடு கல்லாகுமா?' என்று அறிவியலைக் கேட்டால், 'ஆகும்' என்பதுதான் பதில். முழு மாடு ஆகாது, அதன் பல்லும் எலும்பும் ஆகும். ஆனால் அப்படிக் கிடைக்கிற துண்டு மாடா, எருமையா, காட்டு விலங்கா என்று சொல்வதற்குத் தனிப் படிப்பும், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எலும்புகளும் வேணும். கீழடியைப் பக்கத்தில் வைத்திருக்கும் மதுரை, இதைப் பற்றி இன்னும் சீரியஸாக யோசிக்கவில்லை என்பதுதான் என் கருத்து.

எது புதைபடிவம், எது பழைய எலும்பு?

மண்ணுக்குள் கிடந்த எல்லா எலும்பும் புதைபடிவம் கிடையாது. பொதுவாக 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டதைத்தான் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் மெல்ல மெல்லச் சேர்ந்து, நாளடைவில் அதைக் கல் மாதிரி ஆக்கிவிடும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும்.

எலும்பைவிடப் பல்தான் அதிகம் தப்பிக்கும். பல்லின் மேலே இருக்கும் எனாமல் சுமார் 96 சதவீதம் கனிமம். அதனால் எலும்பு மக்கிப்போன இடத்திலும் பல் மட்டும் மிஞ்சும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கு. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கம், 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த கற்கால இடம். அங்கே சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வில் கற்கருவிகளோடு 3 விலங்குப் பற்கள் புதைபடிவமாகக் கிடைத்தன. அவை நீர் எருமை, குதிரை இனம், நீலகாய் ஆகியவற்றைச் சேர்ந்தவை. வெறும் 3 பல்தான். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே திறந்த புல்வெளியும் ஈரமான நிலமும் இருந்திருக்கணும் என்று ஊகிக்க அதுவே உதவியது.

கீழடியில் கிடைத்தவை என்ன?

கீழடி எலும்புகள் புதைபடிவம் இல்லை. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தெரியவந்தது. அதாவது சுமார் 2,600 ஆண்டுகள். கல்லாகிற அளவுக்கு அது போதாது, ஆனால் உடைந்து நொறுங்கப் போதும்.

2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, 70 எலும்பு மாதிரிகள் புனேயில் உள்ள டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. மாடு, எருமை, செம்மறி ஆடு, வெள்ளாடு, நீலகாய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் என்று அங்கே அடையாளம் சொன்னார்கள். சில எலும்புகளில் வெட்டிய தடமும் தீயில் கருகிய தடமும் இருந்தன. இதை வைத்துத்தான் எதை உழவுக்கும் பாலுக்கும் வளர்த்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று பேச முடிகிறது.

ஒரு பானை ஓட்டில் எழுத்து இருந்தால் உடனே தலைப்புச் செய்தி. தங்க அணிகலன் கிடைத்தால் வைரல். எலும்புத் துண்டு மட்டும் 'மேலும் கிடைத்தவை' பட்டியலில் கடைசி வரி. ஆனால் அன்றைக்கு வைகைக் கரையில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்தக் கடைசி வரிதான் சொல்லுது.

பல்லைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்?

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து 'ரெண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்' என்று வயது சொல்வதும் இதே வித்தைதான். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் வியாபாரி வயது சொல்கிறார்.

ஆய்வாளர்கள் அதிகம் பார்ப்பது கடைவாய்ப் பற்களை. மாடு, ஆடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் கடைவாய்ப் பல்லில் எனாமல் பிறை வடிவில் வளைந்து ஓடும். பன்றிக்கு மேடு மேடாக, கிட்டத்தட்ட நம்ம கடைவாய்ப் பல் மாதிரி இருக்கும். குதிரைப் பல்லில் எனாமல் சிக்கலாக மடிந்து மடிந்து போகும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அளவு மட்டும் வித்தியாசம் இல்லை. மாட்டின் கடைவாய்ப் பல்லில் இரண்டு மடல்களுக்கு நடுவே சின்னத் தூண் போல ஒன்று எழுந்து நிற்கும். ஆட்டுக்கு அது இருக்காது.

இதுவரை சுலபம். மாடா எருமையா என்ற இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். இரண்டின் பல்லும் கால் எலும்பும் ஏறக்குறைய ஒரே அச்சு. கொம்பின் உள்ளெலும்பு கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் எருமைக்குக் குறுக்குவெட்டு முக்கோணமாகவும் மாட்டுக்கு வட்டமாகவும் இருக்கும். அது கிடைக்காவிட்டால், ஒவ்வொரு எலும்பையும் அளந்து, தெரிந்த விலங்கின் எலும்போடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். அமெரிக்காவின் லா பிரியா தார்க் குழிகளில் பனியுகக் காலத்துப் பைசன் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் வட அமெரிக்காவில் ஆற்றங்கரையில் தனியாக ஒரு பல் கிடைத்தால், அது பழங்காலப் பைசனா, ஐரோப்பியர்கள் கொண்டுவந்த பண்ணை மாடா என்று சொல்வது அனுபவசாலிக்கும் கஷ்டம்.

திமிலுக்கு எலும்பு உண்டா?

கீழடியில் மாட்டு எலும்பு என்றாலே 'ஜல்லிக்கட்டுக் காளையா?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். ஆசை புரிகிறது. ஆனால் இங்கே நிதானம் வேணும்.

நம்ம நாட்டு மாட்டின் திமில் தசையும் கொழுப்பும் சேர்ந்தது. அதற்குள் எலும்பு இல்லை, மண்ணில் மிஞ்சாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திமில் மாட்டின் முதுகுத்தண்டில், திமில் பகுதியிலும் அதை ஒட்டியும் இருக்கும் சில முள்ளெலும்புகளின் மேல் நீட்சி நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் சாட்சி. காளையா பசுவா என்பதை இடுப்பெலும்பும் முன்னங்கால் எலும்பின் அகலமும் சொல்லும்.

ஆக, ஓர் எலும்பு 'திமில் உள்ள மாடு' என்று சொல்லலாம், 'காளை' என்றும் சொல்லலாம். 'வாடிவாசலில் பாய்ந்தது' என்று சொல்லாது. ஏறு தழுவுதலுக்குக் கலித்தொகையின் முல்லைக்கலி சாட்சி இருக்கு, அது போதும். எலும்பின் வாயில் நம்ம வார்த்தையைத் திணித்தால், நாளைக்கு அது உண்மையிலேயே சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 'டைனோசர் முட்டை' என்று படங்கள் பரவியது நினைவிருக்கா? அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரினம் சார்ந்த கல் உருண்டைகள் அவை என்று நிபுணர்கள் விளக்கினார்கள். முட்டை ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை.

கொடைக்கானல் 'காட்டெருமை' யார்?

பெயரிலேயே குழப்பம் இன்னொன்று இருக்கு. கொடைக்கானல் தெருக்களில் ஹாயாக நடந்து வருகிற 'காட்டெருமை' உண்மையில் எருமை இல்லை. ஆங்கிலத்தில் 'இந்தியன் பைசன்' என்பார்கள், பைசனும் இல்லை. அது கௌர், அதாவது காட்டு மாடு. நம்ம வீட்டு மாட்டின் நெருங்கிய சொந்தம். அதன் முதுகில் தெரிகிற மேடு திமில் மாதிரித் தோன்றினாலும், அதைத் தூக்கி நிறுத்துவது நீளமான முள்ளெலும்புகள். இப்படி ஒரு முள்ளெலும்பு முழுசாகக் கிடைத்தால், அது வீட்டு மாடா காட்டு மாடா என்பதற்கு நல்ல தடயம்.

உங்கள் கையில் எலும்பு கிடைத்தால்?

கண்மாய் தூர்வாரும்போதோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ கிடைக்கலாம். கீழடியே அப்படி வெளிச்சத்துக்கு வந்த ஊர்தான். 1970-களில் கிணறு தோண்டிய இடத்திலிருந்து மாணவர்கள் எடுத்து வந்த பொருட்களை அங்கிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் கவனித்ததில் ஆரம்பித்தது அது. அன்றைக்கு ஆசிரியரின் கண் செய்த வேலையில் பாதியை இன்றைக்கு உங்கள் போன் செய்யும்.

* எடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் பாதிச் செய்தி. எடுத்துவிட்டால் அது போச்சு.
* பக்கத்தில் ஒரு நாணயமோ ஸ்கேலோ வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். லொகேஷனைச் சேமித்து வையுங்கள்.
* கழுவ வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், பெவிகால் போட்டு ஒட்டவே வேண்டாம்.
* வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடமோ, மாவட்ட அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.
* மலைப்பக்கம் கிடக்கும் கொம்பையோ மண்டையோட்டையோ வீட்டு ஹாலில் மாட்ட ஆசைப்படாதீர்கள். அது காட்டு மாட்டுடையது என்றால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும்.

மதுரைக்கு ஓர் எலும்பு அலமாரி

கீழடி எலும்புகள் புனேக்குப் போனதில் தப்பில்லை. டெக்கான் கல்லூரிக்கு இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் ஒவ்வொரு சீசனும் எலும்பு வந்துகொண்டே இருக்கும் ஒரு வட்டாரம், அதைப் படிக்க எப்போதும் வெளியூரையே நம்பி இருக்கணுமா?

தேவைப்படுவது பெரிய கட்டடம் இல்லை. ஒப்பீட்டுத் தொகுப்பு என்பார்கள். வயதும் பாலும் இனமும் தெரிந்த விலங்குகளின் முழு எலும்புக்கூடு, ஒவ்வொரு எலும்பிலும் எண் எழுதி, பெட்டி பெட்டியாக அடுக்கிய அலமாரி. மண்ணிலிருந்து வந்த துண்டை இதோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்வார்கள்.

அதற்கான ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மானாமதுரையில் புலிக்குளம் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. பழங்கால டி.என்.ஏ. ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஏற்கெனவே தொல்லியல் துறையோடு வேலை செய்கிறது. இயற்கையாக இறக்கும் புலிக்குளம் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றின் எலும்பைச் சுத்தம் செய்து சேர்த்தாலே தொகுப்பின் பாதி ரெடி. வனத்துறை அனுமதியோடு காட்டு மாடு, மான், காட்டுப்பன்றி எலும்புகளும் வந்தால் மீதியும் நிறையும். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவருக்குத் தொல்லியலில் ஒரு வழி திறக்கும். தொல்லியல் மாணவரும் டிரெயின் ஏறாமலே எலும்பு படிக்கலாம்.

'டி.என்.ஏ. எடுத்தால் போதாதா?' என்று கேட்கலாம். நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பழைய எலும்பில் டி.என்.ஏ. தங்குவது அபூர்வம். ஒரு மாதிரியை அரைத்துச் சோதிப்பதற்கு முன் அது எந்த எலும்பு, எந்த விலங்கு என்று கண்ணால் பார்த்துப் பதிவு செய்தே ஆகணும். அரைத்த பிறகு அந்தத் துண்டு திரும்ப வராது.

இதோடு சட்டமும் வேணும். 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம், புதைபடிவங்கள் உள்ளிட்ட புவி மரபு எச்சங்களைப் பாதுகாக்க ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அரியலூர், பெரம்பலூர், திருவக்கரை என்று இத்தனை புதைபடிவ நிலங்களை வைத்திருக்கும் தமிழ்நாடு, அது போன்ற சட்டத்தைத் தானாகவே கேட்டு வாங்கணும்.

கீழடி அருங்காட்சியகத்துக்கு அடுத்த முறை போகும்போது தங்கத்தையும் பானையையும் பார்த்த பிறகு, விலங்கு எலும்புகள் பக்கம் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். யாரோ ஒருவர் உழுத மாடு, யாரோ கறந்த எருமை அது. அதற்குப் பெயர் சொல்லத் தெரிந்த நாலு பேர் மதுரையிலேயே உருவாகணும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.