மலைநாட்டில் மனையற்றோர்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் முதல் தேவைகள் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்தோம். முதல் இரண்டைப் பற்றிப் பேசுவோர் பலர். மூன்றாவதைப் பற்றி, அதிலும் நாட்டுப்புற ஏழையின் வீட்டைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலர். சிந்தித்ததோடு நில்லாமல் செயலிலும் இறங்கிய ஒரு நிறுவனம் கேரளத்தில் வளர்ந்திருக்கிறது. அதன் வளர்ச்சியைத் தமிழ் மாணவர்கள் அறிவது நலம். எந்த வாசலில் அந்த வளர்ச்சி நின்றுவிட்டது என்பதை அறிவது அதனினும் நலம்.

1972இல் அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது, கேரள அரசு இலட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கிற்று. நல்ல நோக்கந்தான். ஆனால், ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போல், இரு குடும்பங்களுக்கு ஒரு நடுச்சுவராக எழுந்தன அவ்வீடுகள். குடியிருக்கப் போகிறவனை யாரும் கேட்கவில்லை. பதவியை விட்டு நீங்கிய அதே அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், டி. ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து, 1985இல் திருச்சூரில் 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் ஊரக வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப நடுவத்தை அமைத்தார். ஓர் ஊரில் தொடங்கிய அது, கிளைகள் விட்டுக் கேரளமெங்கும் பரவிற்று. 2007இல் பேக்கர் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை.

அதன் வெற்றிக்குக் காரணம் என்ன? எளிய அறிவியல்! செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கினால், சுவரின் நடுவே காற்றறை உண்டாகிறது. செங்கல்லில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். வெயிலும் எளிதில் உள்ளே புகாது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையை ஏற்பது கம்பியே. எனவே, அங்கே கம்பிகளுக்கிடையே பழைய ஓடுகளைப் பதித்தால் வலிமை குறைவதில்லை; செலவு குறைகிறது. இயற்பியல் மாணவனாகிய நான் வகுப்பில் படிப்பதும் இதுதான். நாம் தேர்வுத்தாளில் எழுதுகிறோம். அவர்கள் சுவரில் எழுதினார்கள்.

பாலக்காட்டு எல்லையிலுள்ள அட்டப்பாடியில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1990களின் நடுவில், ஜப்பானியக் கடனுதவியோடு அங்கே எழுந்த மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம், ஒப்பந்தக்காரரை நம்பாமல் பழங்குடியினரின் ஊர்க் குழுக்களிடமே வீடு கட்டும் பணியை ஒப்படைத்தது. தம் வீட்டைத் தாமே கட்டும் திறன் அவர்களுக்கு உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இனி இடுக்கிக்கு வருவோம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தமிழர் வாழ்வது 'லயங்கள்' என்னும் வரிசை வீடுகளில். தொழிலாளருக்கு முதலாளியே வீடு தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. "இலவசமாக வீடு கிடைக்கிறதே, பிறகென்ன குறை?" என்பர் சிலர். குறை இதுதான்: அந்த வீடு வேலைக்குரியது, மனிதனுக்குரியது அன்று. வேலை ஓய்ந்தால் வீடும் போயிற்று! வீட்டை இழக்க அஞ்சியே மகனையோ மருமகளையோ கொழுந்து பறிக்க அனுப்பும் குடும்பங்கள் உண்டு. கூரைக்காகக் கல்வியைக் கொடுப்பது எத்துணைக் கொடிய பண்டமாற்று!

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடிற்று. மாண்டவர் எழுபதின்மர். லயம் எங்கே அமைய வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. உயிர் பிழைத்தோரில் எட்டுக் குடும்பங்களுக்கு மனையும் வீடும் கிடைத்தன. மண்ணுக்குள் போன பிறகுதானா மண்ணில் பங்கு?

மலிவான வீட்டுக்கு நுட்பம் இருக்கிறது. அதைப் பரப்ப நிறுவனம் இருக்கிறது. கேரள அரசின் 'லைஃப்' திட்டத்தில் வீட்டுக்கு நான்கு இலட்சம் ரூபாய் உதவியும் உண்டு. இல்லாதது காலடி மண். மனையுள்ளோர்க்கு முதலில், மனையற்றோர்க்குப் பிறகு என்பதே திட்டங்களின் வரிசை. நிலச்சீர்திருத்தத்திலோ தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு! உழுதவனுக்கு நிலம் கிடைத்த நாட்டில், கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சென்டும் கிடைக்கவில்லை.

தோட்டத்தைத் துண்டாடினால் தொழில் கெடும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு. குடும்பத்துக்கு ஐந்து சென்ட் வீதம் ஆயிரம் குடும்பங்களுக்குத் தேவை ஐம்பது ஏக்கர். ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்து கிடக்கும் தோட்டங்களுக்கு இது ஒரு மூலை.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஓய்வு பெறும் முன்பே தொழிலாளியின் பெயரில் மனை. சரிவையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்து தேர்ந்த இடம். அட்டப்பாடியில் போலக் குடியிருப்போரே குழுவாக நின்று கட்டும் உரிமை.

நண்பர்களே! மண்ணியல் பயில்வோர் நம்மிடையே உண்டு. பொறியியல் பயில்வோர் உண்டு. சட்டம் பயில்வோரும் உண்டு. விடுமுறையில் ஒரு வாரம் அம்மலைக்குச் சென்று சரிவை அளக்கலாம். மனுவை எழுதித் தரலாம். மலையாளத்தில் வரும் ஆணையைத் தமிழில் விளக்கலாம். தமிழ் மன்றம் விழா எடுப்பதற்கு மட்டுமன்று. தமிழ் பேசும் தொழிலாளிக்குத் தலைசாய்க்க ஓர் இடம் தேடுவதும் தமிழ்ப்பணியே.