கடலில் எண்ணெய், கையில் வாளி

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை அடுத்த காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, 2017-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி விடியற்காலையில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்ட சங்கதி வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். ஒன்று துறைமுகத்தை விட்டு வெளியே போய்க் கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல். மற்றொன்று எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்து கொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற கப்பல். மோதலில் டான் காஞ்சிபுரம் சேதமடைந்து, அதிலிருந்த கனத்த உலை எண்ணெய் கடலில் கொட்டிவிட்டது. நீரோட்டம் அதைத் தெற்கே தள்ளிக் கொண்டு வந்து எர்ணாவூர், திருவொற்றியூர், மெரினா என்று கரை கரையாகத் தாரைப் போல் பூசி வைத்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் விற்பனை படுத்துவிட்டது. ஜனங்கள் கொதித்தார்கள்.

இந்தக் கொதிப்பு எதன் மேல் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். ஏனென்றால், இம்மாதிரி சமயங்களில் அதிகாரத்திலிருப்பவர்கள் சொல்லுகிற சமாதானம் ஒன்றே ஒன்றுதான். "விபத்து நடப்பது சகஜம், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? பாமர ஜனங்களுக்கு விஷயம் தெரியாது, யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்பார்கள். நாம் கேட்கிறோம்: கப்பல்கள் மோதிவிட்டதே என்று எந்த மீனவனாவது சண்டைக்கு வந்தானா? கடலில் தினமும் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவனுக்கு விபத்து இன்னதென்று மற்றவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அவன் கோபித்துக் கொண்டது மோதலுக்காக அல்ல. மோதலுக்குப் பிறகு நடந்த காரியங்களுக்காகவே கோபித்துக் கொண்டான். அந்தக் காரியங்கள் எவையென்று வரிசையாகப் பார்ப்போம்.

மோதல் நடந்தவுடன் துறைமுக நிர்வாகம் ஓர் அறிக்கை விட்டது. எண்ணெய் மாசு போன்ற சுற்றுப்புறச் சேதம் எதுவும் இல்லை என்பது அதன் சாரம். அறிக்கை பத்திரிகைக்குப் போய்ச் சேருவதற்குள் எண்ணெய் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிறகு சிறிதளவு கசிந்தது என்றார்கள். பிறகு 20 டன் என்றார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தபோது அது ஏறக்குறைய 200 டன் என்று ஆயிற்று. இல்லை என்பதில் ஆரம்பித்து 200 டன்னில் வந்து நின்ற இந்தக் கணக்கை, சந்தையில் கருவாடு விற்கிற ஒரு கிழவி சொல்லியிருந்தால் அவளிடம் மறுபடியும் யாராவது காலணாவுக்குச் சரக்கு வாங்குவார்களா? உத்தியோகஸ்தர்கள் சொன்னால் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

"கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிப் போய்விட்டது?" என்று சிலர் கேட்கலாம். குடி முழுகுவதே அந்த இடத்தில்தான். உலை எண்ணெய் என்பது கடலில் கொட்டியவுடன் தண்ணீரின் மேல் படலமாக மிதக்கும். அந்த முதல் சில மணி நேரத்தில் அதைச் சுற்றி மிதவை வேலி போட்டு வளைத்து, யந்திரத்தைக் கொண்டு மேலாக வழித்தெடுத்துவிடலாம். நேரம் போகப் போக அலையில் அடிபட்டு, கடல் நீரோடு கலந்து, களியைப் போலக் கெட்டியாகி, பருமனும் பல மடங்கு பெருத்துவிடும். அதற்குப் பிறகு அதைக் குழாய் வைத்து உறிஞ்சுவது பெரும்பாடு. எர்ணாவூர்க் கரையிலும் அதுவே நடந்தது. சாக்கடை உறிஞ்சும் லாரிகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கெட்டியான சேறு குழாயில் ஏற மறுத்தது. ஆகவே, "எண்ணெய் கொட்டவில்லை" என்று சொல்லிக் கழித்த ஒவ்வொரு மணி நேரமும், யந்திரத்தால் ஆகியிருக்க வேண்டிய வேலையைக் கைக்கு மாற்றிக் கொடுத்த மணி நேரமாகும்.

இது எதிர்பாராத காரியம் என்று சொல்லவும் இடமில்லை. கடலில் எண்ணெய் கொட்டினால் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1996-ம் வருஷத்திலேயே இந்திய அரசாங்கத்தார் ஒரு தேசியத் திட்டம் வகுத்து, அதைக் கடலோரக் காவல் படையின் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். 700 டன் வரை கொட்டினால் அதைச் சமாளிப்பதற்கு வேண்டிய கருவிகளையும் ஆட்களையும் துறைமுகங்களும் எண்ணெய் நிறுவனங்களும் தங்கள் கையிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அத்திட்டம். எண்ணூரில் கொட்டியதோ அதில் மூன்றில் ஒரு பாகத்துக்கும் குறைவு. திட்டம் எழுதி இருபது வருஷம் கழித்து, எழுதிய அளவில் மூன்றில் ஒரு பாகம் கூடத் தாங்காமற் போயிற்று என்றால், கருவிகள் எங்கே போயின? ஒத்திகை எங்கே போயிற்று? இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? கலியாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமையல் என்று பத்திரிகை அடித்துவிட்டு, முந்நூறு பேர் வந்தவுடன் இலை இல்லை என்று கையை விரிக்கிற வீட்டுக்காரனை ஊரார் என்ன சொல்லுவார்கள்?

கடைசியில் கைக்கு வந்தது வாளி. மீனவர்களும், கல்லூரி மாணவர்களும், தொண்டர்களும், காவல் படையினரும் ஆயிரக்கணக்கில் கரையில் இறங்கி, வாளி வாளியாக அந்தக் கருஞ்சேற்றை அள்ளினார்கள். கையுறையும் முகமூடியும் எல்லோருக்கும் போதவில்லை. தோலை அரிக்கக் கூடியதும், மூச்சில் ஏறினால் தலைவலியும் மயக்கமும் தரக் கூடியதுமான சரக்கு அது. அள்ளியவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், பாராட்டிவிட்டு நிறுத்திக் கொள்ள மாட்டோம். அவர்களுக்குக் கிடைத்த புகழ்மாலை முழுவதும், கருவி வைக்கத் தவறியவர்களின் வெட்கத்தை மூடுகிற போர்வையாக உபயோகப்படுத்தப்பட்டது. "பார்த்தீர்களா, நமது இளைஞர்களின் தொண்டு உள்ளத்தை!" என்று மெச்சியவர்கள், அந்த இளைஞர்கள் அங்கே ஏன் நிற்க நேர்ந்தது என்று கேட்கவில்லை.

நமது நாட்டில் இதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது நமது அபிப்பிராயம். அசுத்தத்தை அகற்றுவதென்றால் இங்கு கருவியைத் தேடுவதற்கு முன் கையைத் தேடுகிறார்கள். அள்ளுவதற்கென்று ஒரு கூட்டம் எப்போதும் கீழே இருக்கும் என்ற நினைப்பு நமது நிர்வாகத்தின் இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-ம் வருஷத்தில் சட்டம் செய்த பிறகும் குழிக்குள் சாவு நிற்காதது ஏன்? யந்திரம் வாங்கப் பணமில்லாததாலா? மனிதன் மலிவாகக் கிடைப்பதாலா? கோடிக்கணக்கில் செலவு செய்து துறைமுகம் கட்டத் தெரிந்தவர்களுக்கு, அதன் வாசலில் ஒரு மிதவை வேலியைத் தயாராக வைக்கத் தெரியாமற் போனதற்கும் இதே காரணந்தான்.

நிற்க. இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற காரியம் என்று எண்ணி யாரும் தாழ்வு கொள்ள வேண்டாம். பணமும் யந்திரமும் மிகுந்த அமெரிக்காவிலும் முதலில் இதேதான் நடந்தது. மெக்சிகோ வளைகுடாவில் 2010-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளிகள் மாண்டார்கள். கடலடிக் கிணற்றின் வாயை அடைக்க 87 நாள் ஆயிற்று. எண்ணூரில் கொட்டியதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கணக்குச் சொன்ன விதம் ஒன்றே. முதலில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள். சில நாளில் 5,000 என்றார்கள். முடிவில் விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது, ஆரம்ப நாட்களில் தினம் 60,000 பீப்பாய் வெளியேறியதாக ஏற்பட்டது. கடலடியில் காமிரா வைத்திருந்த பி.பி. கம்பெனியார், அந்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர்கள் நெருக்கிய பிறகே அந்தப் படத்தை ஊரார் பார்க்க விட்டார்கள்.

ஏன் இத்தனை தயக்கம்? அந்நாட்டுச் சட்டப்படி அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படும். பீப்பாய் குறைந்தால் பணம் குறையும். பின்னால் கோர்ட்டில் சர்க்கார் தரப்பு சுமார் 42 லட்சம் பீப்பாய் கடலில் கலந்தது என்றது. கம்பெனி 24½ லட்சம் என்றது. நீதிபதி இரண்டுக்கும் நடுவே 31 லட்சத்து 90 ஆயிரம் என்று 2015-ம் வருஷம் தீர்மானித்தார். அதற்கு முந்திய வருஷமே, கம்பெனி கொடிய அசட்டையாக நடந்து கொண்டது என்றும் தீர்ப்பாகியிருந்தது. முடிவில் 2,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்கக் கம்பெனி ஒப்புக் கொண்டது. கடன்பட்டவனிடமே கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் வட்டி எப்படி எழுதுவான் என்பது நமது கிராமத்தாருக்குத் தெரியாததல்ல. அங்கே ஜனங்களின் கோபம் புகைந்து அடங்கிப் போகாமல், படத்தைக் காட்டு, கணக்கைக் காட்டு என்ற கேள்வியாக மாறியது. கேள்வி கோர்ட்டுக்குப் போயிற்று. பலன் கிடைத்தது.

இங்கே என்ன ஆயிற்று? ஆறு வருஷம் கழித்து, 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் மழையில், மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளிவந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தது. இந்த முறை கப்பலும் இல்லை, மோதலும் இல்லை. ஆனாலும் முதலில் வந்தது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மறுப்பு. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே ஆலையைக் கை காட்டிற்று. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. மீனவர்களின் படகிலும் வலையிலும் எண்ணெய்; கூழைக்கடாப் பறவைகளின் சிறகில் எண்ணெய். அதை அள்ளுவதற்குப் படகில் ஏறியவர்கள் யார்? அதே மீனவர்கள். அவர்கள் கையில் இருந்தது என்ன? அதே வாளியும் குவளையும்! 2017-ல் தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருந்தாலும் ஒருவாறு மன்னிக்கலாம். 2023-ல் என்ன சொல்லித் தப்புவது?

ஆகவே, கடற்கரை ஜனங்களின் கோபத்தை நாம் நியாயமான கோபம் என்கிறோம். ஆனால் வெறும் கோபம் நாலு நாளில் ஆறிப் போகும்; ஆறிப் போகும் என்று தெரிந்துதான் அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். கோபத்தைக் கேள்வியாக மாற்ற வேண்டும். கேட்க வேண்டியவை அதிகமில்லை.

ஒன்று: உங்கள் துறைமுகத்தில், ஆலையில், இன்று எத்தனை கஜம் மிதவை வேலி இருக்கிறது? எண்ணெய் வழிக்கும் யந்திரம் எத்தனை? கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது? இதை வருஷந்தோறும் ஊரறியப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இரண்டு: எவ்வளவு கொட்டியது என்ற கணக்கைக் கொட்டியவன் சொல்லக் கூடாது. சம்பந்தமில்லாத நிபுணர்கள் சொல்ல வேண்டும். மீனவர் சங்கத்தின் ஆள் கூட இருந்து பார்க்க வேண்டும். எண்ணெயை முதலில் காண்பவனும் முகர்பவனும் மீனவனே. அவன் சொல்லுக்கு அறிக்கைக்கு உள்ள மதிப்பாவது வேண்டாமா?

மூன்று: நஷ்டஈடு என்பது தர்மம் போடுவதாக இருக்கக் கூடாது. கடல் கெட்டதால் நின்று போன ஒவ்வொரு நாள் பிழைப்புக்கும், படகுக்கும், வலைக்கும், மீன் விற்கும் பெண்களின் கூடைக்கும் கணக்குப் பார்த்து, குற்றவாளியின் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அள்ள வந்தவனுக்குக் கூலியும் காப்புக் கவசமும் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

துறைமுகத்தால் லாபம் அடைகிறவர்கள் வேறு, அதன் சேற்றை அள்ளுகிறவர்கள் வேறு என்று இருக்கும் வரையில் கருவிகள் வராது. கடலோரத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: அடுத்த முறை உங்கள் கையில் வாளியை நீட்டினால், வாங்குவதற்கு முன் யந்திரம் எங்கே என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும் வரை கேட்டுக் கொண்டே இருங்கள்.