வண்ணம் மறைப்பதைக் கறுப்பு வெள்ளை காட்டும்

பென்டில் ஹில்லில் வாழும் தமிழ் இளையோர் நிழற்படக் கருவியோடு புறப்பட்டால் செல்லுமிடம் நீலமலைத் தொடர். கொண்டுவருவது நாட்காட்டிக்கு ஏற்ற வண்ணப்படம். பெற்றோரும் அதனையே வரவேற்பறையில் மாட்டி மகிழ்கின்றனர். வீட்டுக்கு அண்மையிலுள்ள புரொஸ்பெக்ட் குன்றை எவரும் படமெடுப்பதில்லை. கல்லுக்காக நூறாண்டுக்கும் மேலாக வயிறு குடையப்பட்ட குன்று அது. டாருக் மக்களின் நிலம். மண்ணுக்காகப் போரிட்டு 1802இல் கொல்லப்பட்ட பெமுல்வுயின் பெயரை இன்று அங்கெழுந்த குடியிருப்பு தாங்கி நிற்கிறது. சுற்றியிருந்த கம்பர்லாந்து சமவெளிக் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

வண்ணமே உண்மை, கறுப்பு வெள்ளை பழங்கதை என்போர் 1975ஐ நினைவுகூரட்டும். அவ்வாண்டு அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில், மனிதன் மாற்றிய நிலத்தோற்றங்கள் பற்றிய கண்காட்சி நடைபெற்றது. பங்குகொண்ட பத்துப் பேரில் ஒருவரைத் தவிர ஏனையோர் கறுப்பு வெள்ளைப் படங்களையே வைத்தனர். கொலராடோவின் வரிசை வீடுகளை ரொபர்ட் அடம்ஸ் அவ்வாறே காட்டினார். நீல வானும் பசும்புல்லும் கண்ணை மயக்காதபோது, வெட்டுண்ட மண்ணும் சிமெந்தும் தம் உருவில் வெளிப்படுகின்றன.

காட்டை அழித்தெழுந்த செங்கல் வீடுகளில் தமிழரும் வாழ்கின்றனர். நிலம் பறிபோன வலியை மேடைதோறும் பேசும் சமூகம், குடியேறிய நிலத்தின் காயத்தைக் காண மறுப்பது நேர்மையாகுமா? பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் பிள்ளைகளை அக்குன்றுக்கு அழைத்துச் செல்லட்டும். அவர்கள் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் அடுத்த தமிழ் விழாவில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.