காணப் போனது புலி!

புலி என்றதும் தமிழனுக்கு நெஞ்சு நிமிரும். சோழன் கொடியிலே பறந்த புலி, திருவிழாத் தெருவிலே மஞ்சள் பூசி ஆடுகின்ற புலி, மேடையிலே பேச்சாளன் தன் தலைவனுக்குச் சூட்டுகின்ற பட்டத்துப் புலி! (நாமும் அந்தப் பட்டத்தைத் தாராளமாக வழங்கியவர்தான், மறைக்கவில்லை.) ஆனால் உயிரோடு, காட்டிலே, தன் வீட்டிலே உலவுகின்ற புலியை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

கண்டுவிடுவது என்று கிளம்பினோம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதித் தோழர்கள் பதினான்கு பேர். துறைமுகத்திலே கிரேன் ஓட்டுபவர், ஆலையிலே பாய்லர் பார்ப்பவர், கண்டெய்னர் லாரி ஓட்டுபவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர். பத்து மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், வாடகைக்கு ஒரு வேன். இ-பாஸ் வாங்கி, உதகை ஏறி, கூடலூர் இறங்கி, முதுமலைப் புலிகள் காப்பகத்துத் தெப்பக்காட்டை அடைந்தோம்.

வனத்துறை வண்டியிலே ஏறினோம். புள்ளிமான் கூட்டம் கண்டோம். கரும்பாறை எழுந்து நடப்பதுபோல் காட்டெருமை கண்டோம். மூங்கிற் புதரோரம் குட்டியை வயிற்றடியில் மறைத்துக்கொண்ட யானையைக் கண்டோம். புலி? இல்லை! நாம் வருகிறோம் என்று வாசலுக்கு வந்து மாலையோடு நிற்பதற்கு அது என்ன வட்டச் செயலாளரா?

வண்டியை விட்டு இறங்கியதும் கிரேன் தோழர் பொருமினார்: “இன்னாண்ணே, பத்து மாசம் சீட்டு கட்னது மான் பாக்கவா?”

பேச்சு அங்கேதான் தொடங்கியது. காப்பகத்தின் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். அதிலே 321 சதுர கிலோமீட்டர் உள்மண்டலம். அதைச் சுற்றி 367 சதுர கிலோமீட்டர் வெளிமண்டலம். எதற்காக? புலி நேராக ஊருக்குள் வராமல், ஊர் நேராகப் புலியின் மீது விழாமல், நடுவே ஓர் இடைவெளி. கேட்டதும் எண்ணூர்த் தோழர் சிரித்தார். கசந்த சிரிப்பு. “புலிக்கும் ஊருக்கும் நடுவுல இவ்ளோ எடம் வுட்ருக்கான். எங்க ஊட்டு அடுப்புக்கும் ஆலைச் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்துதாண்ணே இருக்குது!”

மறந்துவிட்டோமா 2023 டிசம்பரை? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் வந்து படர்ந்தது. வலை கறுத்தது, படகு கறுத்தது, மீன் செத்தது, கூழைக்கடாக்கள் தார் பூசியவைபோல் நின்றன. அது ஆறுவதற்குள், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பம் கடலோரத்திலே குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மக்கள் இருட்டிலே ஓடினார்கள். அந்த ஓட்டத்திலே இந்தத் தோழரும் ஓடினார். ஆகவே, “மிருகத்துக்கு இருக்கிற மரியாதை மனுசனுக்கு இல்லியே” என்று அவர் சொன்னபோது நம்மால் சட்டென்று மறுக்க முடியவில்லை.

ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும், தோழர்களே. அந்தக் கோபம் நியாயமானது; அது பாய்கின்ற இடம் தவறானது. நம் இடத்தைப் புலியா பிடுங்கியது?

புலியின் கதை என்ன? 1911 டிசம்பரில் டில்லி தர்பாரிலே முடிசூட்டு விழாக் கொண்டாடிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், அங்கிருந்து நேபாளத்துக் காட்டுக்கு வேட்டையாடப் போனார். பத்து நாள். அவருடைய கூட்டம் சாய்த்த புலிகள் 39! சர்குஜா மகாராஜா ஒருவர் தம் ஆயுளில் சுட்டவை 1,100-க்கு மேல் என்கிறார்கள். யானைமேல் பாதுகாப்பாக அமர்ந்து சுட்டவர் மன்னர். புதருக்குள் நுழைந்து பறையடித்துப் புலியை விரட்டிக் கொடுத்தவன் கூலிக்காரன். தோல் போய்த் தொங்கியதோ அரண்மனைச் சுவரிலே! 1972-இல் எண்ணிப் பார்த்தபோது இந்தியா முழுவதும் மிஞ்சியவை 1,827 என்றார்கள். பிறகுதான் சட்டம், 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம்.

துப்பாக்கி மட்டுமா அழித்தது? நம் இராயபுரம் ரயில் நிலையத்தைக் கேளுங்கள். 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. நமக்கு அதிலே பெருமை உண்டு. ஆனால் தண்டவாளம் காற்றிலே கிடக்குமா? ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 வரை மரக்கட்டைகள். 1850-களிலேயே சென்னை மாகாணத்தில் மட்டும் இதற்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு வனத்துறை அமைந்ததும் அதே 1856-இல்தான். நம் பாட்டன் இராயபுரத்திலே கட்டை சுமந்தான். காட்டிலே இருந்தவனின் பாட்டன் அதை வெட்டிக் கொடுத்தான். கம்பெனி கணக்குப் பார்த்தது.

அதனால்தான் சொல்கிறோம்: புலிக்கு எதிராக அல்ல, புலிக்குக் கிடைத்ததைக் காட்டி நம் உரிமையைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலே 2006 கணக்கெடுப்பில் 76 புலிகள், 2022-இல் 306. பதினாறு ஆண்டிலே நான்கு மடங்கு! எப்படி? காட்டிலே கேமரா வைத்து, உடம்புக் கோட்டை அடையாளமாகக் கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இடம் ஒதுக்கினார்கள். சட்டம் போட்டார்கள். மனம் வைத்தால் அரசால் முடியும் என்பதற்கு அந்தப் புலியே சாட்சி. எண்ணூரிலே இருமுகின்றவனை யார் எண்ணுகிறார்கள்?

இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்திலே நின்றார் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். குறும்பர் இளைஞர். ஃபிட்டர் பெரியவர், தொழிலாளி தொழிலாளியைக் கேட்கின்ற முதற்கேள்வியைக் கேட்டார்: “தம்பி, நீ பர்மனென்ட்டா?”

இளைஞர் தலையசைத்தார். “இல்லைங்கண்ணா. தற்காலிகம்தான்.”

அப்போதுதான் நமக்கு உறைத்தது. 2021-இல் மசினகுடி, கூடலூர்ப் பக்கம் நால்வரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியை மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்களே, படித்தோமே! புலியிடம் சிக்கியவர்களிலே மாடு மேய்க்கப் போனவர்கள் உண்டு. மண்ணிலே காலடி பார்த்து முன்னால் நடந்தவர்களிலே இந்தப் பழங்குடி மக்கள் உண்டு. சாகின்றவனும் ஏழை, தேடுகின்றவனும் ஏழை! இரவிலே கையில் விளக்கோடு காட்டைச் சுற்றிவந்து அந்த 306-ஐக் காத்துத் தருகின்றவர்களிலே பலர், நம் துறைமுகத்துப் பாஷையில் சொன்னால், காண்டிராக்ட் ஆள்!

நிலமாவது உண்டா? வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31 அன்று. முதுமலையிலே புலிக்கான உள்மண்டலம் அறிவிக்கப்பட்டது எப்போது? அதே டிசம்பரின் இறுதியிலே! காட்டு மக்களைக் கலந்து பேச வேண்டும் என்ற சட்டம் கதவைத் தட்டுமுன்னே கையெழுத்து முந்திக்கொண்டது. இன்னொரு பக்கம், சீகூர்ப் பகுதியிலே யானை வழித்தடத்தை மறித்து விடுதி கட்டியவர்கள் யார்? குடிசை போட்ட இருளனா? உல்லாச விடுதிக்காரர்கள்! அவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் வழக்காடினார்கள். 2020 அக்டோபரிலே தோற்றார்கள். வழக்காடப் பணம் இருந்தது, ஆண்டுகள் ஓடின. இருளனுக்கும் குறும்பனுக்கும் அந்த வசதி ஏது?

திரும்பும்போது வேனிலே புலியைப் பற்றிய பேச்சே இல்லை. 1923-இல் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடினார், இந்தியாவிலேயே முதன்முதலாக. அந்த நாளிலே துறைமுகத்தானும் ஆலைக்காரனும் மட்டும் கூடினால் போதுமா என்று ஃபிட்டர் பெரியவர் கேட்டார். சேலம் தாண்டுவதற்குள் முடிவாயிற்று. வரும் மே நாளில் வடசென்னை மேடையிலே வைக்கின்ற தீர்மானங்களிலே, வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நிரந்தரப் பணி என்பதும் ஒன்று. ஆலைச் சுவருக்கும் குடியிருப்புக்கும் நடுவே சட்டப்படி இடைவெளி என்பது அதற்கு அடுத்தது. அதை முன்மொழிபவர் எண்ணூர்த் தோழர். வாசகம் எழுதுகின்ற வேலையை நம்மிடம் விட்டிருக்கிறார்கள். கிரேன் தோழர் மட்டும் அடுத்த சீட்டுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டார். புலியைப் பார்க்காமல் விடுவதில்லையாம்!